அம்மாவுக்கு மருந்து ஏற்றப் போகிறார்கள், ஆனால் ஒருவருக்கும் தெரியக்கூடாதாம் – காசுக்கும் மனதுக்கும் வழி கேட்கிறேன்

கரவெட்டி மகள் | ஞாயிறு, இரவு 10.20

வணக்கம். இவ்வளவு நாளும் இங்கே வாசிக்க மட்டும் வந்தவள், இன்றுதான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 56 வயது. இடது மார்பில் கட்டி, புற்றுநோய். மூன்று கிழமைக்கு முன் யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை செய்து மார்பை முழுதாக எடுத்துவிட்டார்கள். காயம் ஆறிவிட்டது. வருகிற செவ்வாய் தெல்லிப்பளை ஆஸ்பத்திரியில் மருந்து (கீமோ) ஏற்றத் தொடங்க வேண்டும். முதலில் நான்கு தரம் சிவப்பு மருந்து, பிறகு வேறு மருந்து, அதற்குப் பிறகு கரண்ட் (கதிர்வீச்சு) பிடிக்க வேண்டி வரலாம் என்றார்கள்.

அப்பா இல்லை. அம்மா வீட்டில் இருந்து சட்டை தைப்பார். நான் நெல்லியடியில் ஒரு கடையில் நிற்கிறேன், ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் சம்பளம் இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு சதம் கேட்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் என் சங்கிலி அடகுக்குப் போய்விட்டது. அம்மாவை பஸ்ஸில் மாறி மாறிக் கொண்டுபோக ஏலாது, ஓட்டோவுக்குப் போய்வர 5,000 ரூபாய். அவசரம் என்று வெளியில் செய்த ஸ்கான், இரத்தப் பரிசோதனை, சத்துமா, இளநீர் என்று ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருக்கிறது. தையல் நின்றதுதான் பெரிய அடி.

இதைவிடக் கஷ்டம் இன்னொன்று. தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள், குறிப்புப் பொருந்திவிட்டது. "தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும் என்பார்கள், கலியாணம் முடியும் வரைக்கும் ஒருவருக்கும் மூச்சு விடாதை" என்று அம்மா என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டார். கனடாவில் இருக்கிற பெரியம்மாவுக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்கு "கர்ப்பப்பை ஒப்பரேஷன்" என்று சொல்லி வைத்திருக்கிறோம். சொல்லாமல் உதவி கேட்பது எப்படி? அம்மா பகலில் ஒன்றும் கதைக்க மாட்டார். இரவில் மெஷினுக்கு முன்னால் விளக்கைப் போடாமல் இருக்கிறார்.

வெள்ளைச் சப்பாத்து | ஞாயிறு, இரவு 11.05

தங்கச்சி, நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். செவ்வாய்க்கு முன் தெரிய வேண்டியதை மட்டும் இப்போது எழுதுகிறேன்.

வீட்டில் ஒரு தேர்மோமீட்டர் வாங்கி வையுங்கள். மருந்து ஏற்றிய பிறகு வருகிற நாட்களில் கவுண்ட், அதாவது இரத்தத்தில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, விழும். காய்ச்சல் 38 பாகை செல்சியஸ், பழைய கணக்கில் 100.4, அதைத் தொட்டால் பனடோல் போட்டுவிட்டு விடியும் வரை பார்க்கக்கூடாது. இரவு இரண்டு மணி என்றாலும் கொண்டுபோக வேண்டும். கீமோ எடுக்கிற ஆள் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள். அந்த இரவு ஓட்டோவுக்கென்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள், அதில் கை வைக்கவே வேண்டாம்.

சிவப்பு மருந்து ஏற்றினால் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது இரத்தம் இல்லை, பயப்படாதீர்கள். முதல் மருந்துக்குப் பிறகு இரண்டு மூன்று கிழமையில் முடி கொட்டும். கொட்டத் தொடங்க முன்னரே கட்டையாக வெட்டிவிட்டால், தலையணையில் கொத்தாகப் பார்க்கிற அதிர்ச்சி கொஞ்சம் குறையும். ஒப்பரேஷன் செய்த பக்கத்துக் கையில் பிரஷர் பார்க்கவோ ஊசி குத்தவோ விடாதீர்கள். அது இடது கை என்று அம்மாவையே சொல்லப் பழக்குங்கள், வார்டில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்காது.

"பிள்ளைக்கும் வரும்" என்கிற கதைக்கு: மார்புப் புற்றுநோயில் பரம்பரை மரபணுவால் வருவது நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான். பெரும்பாலான ஆட்களுக்குக் குடும்பத்தில் ஒருவருக்கும் இருந்திருக்காது. ஆனால் நீங்களும் தங்கச்சியும் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையின் வெல் வுமன் கிளினிக்கில் ஒருதரம் காட்டுங்கள். பயத்துக்கு இல்லை, பழக்கத்துக்கு.

ஊர்க்குருவி 77 | திங்கள், காலை 6.12

கீமோ உடம்பை எரித்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் கசாயம் கொடுத்துக் கட்டியைக் கரைத்தவர். நம்பர் தருகிறேன்.

நெறியாளர் | திங்கள், காலை 7.30

நம்பரை நீக்கிவிட்டேன். சிகிச்சையை நிறுத்தச் சொல்லும் பதிவுகளுக்கு இந்த இழையில் இடமில்லை.

வெள்ளைச் சப்பாத்து | திங்கள், காலை 7.41

நன்றி நெறியாளர். கசாயத்தில் இருப்பது மருந்தோடு எப்படி வேலை செய்யும் என்பது தெரியாமல் குடிக்கக் கூடாது. கட்டி சிறிதாக இருக்கும்போது வராமல், கசாயம் குடித்துவிட்டு ஆறு மாதம் கழித்து வருகிறவர்களை நான் பார்க்கிறேன். இலைக்கஞ்சி வேண்டிய மட்டும் குடிக்கட்டும், வெறும் சாப்பாடுதானே. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது, கை கழுவுவது, வெளியில் வெட்டி வைத்த பழத்தைத் தொடாமல் விடுவது, இவைதான் பத்தியம்.

கந்தோர்த் தம்பி | திங்கள், மதியம் 12.50

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுங்கள். நான் பிரதேச செயலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். காசு விஷயம் என் பக்கம்.

அக்கா, முதல் வேலையாக ஒரு கோப்பு மட்டை வாங்குங்கள். நோய் என்ன என்று எழுதிய டயக்னோசிஸ் கார்ட், பயொப்சி றிப்போர்ட், கிளினிக் கொப்பியின் முன் பக்கம், அம்மாவின் அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாவற்றிலும் பத்துப் பத்துப் போட்டோக்கொப்பி. மூலத்தை ஒருவர் கையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். ஒரு இடத்தில் என் மாமியின் பயொப்சி றிப்போர்ட்டைத் தொலைத்துவிட்டு எங்களிடமே திருப்பிக் கேட்டார்கள், நாங்கள் பட்ட பாடு வேண்டாம்.

மாகாண சமூக சேவைகள் திணைக்களத்தில் நோயாளருக்கு மாதாமாதம் கொடுக்கிற உதவிப்பணம் ஒன்று இருக்கிறது. புற்றுநோய், காசநோய், தொழுநோய், தலசீமியா போன்றவை அதில் வரும். தொகை சின்னன், உங்கள் ஓட்டோவுக்கே காணாது, ஆனால் ஒருதரம் பதிந்தால் மாதாமாதம் வரும். விதானையிடம் (கிராம அலுவலர்) உறுதிப்படுத்திக்கொண்டு பிரதேச செயலகத்தில் இருக்கிற சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். நிதி வரும்போதுதான் புது ஆட்களைச் சேர்ப்பார்கள், ஆகவே இன்றைக்கே பெயரைக் கொடுங்கள்.

அரசின் நலன்புரிக் கொடுப்பனவு, அஸ்வெசும, எடுக்கிறீர்களா? சிறுநீரக நோயாளருக்கு இருப்பது போலப் புற்றுநோய்க்கென்று தனிப் பிரிவு அதில் இல்லை. இதைப் பலர் தெரியாமல் வந்து சண்டை பிடிக்கிறார்கள். ஆனால் தையல் நின்று வருமானம் குறைந்திருக்கிறதே, அந்த மாற்றத்தைப் பதியக் கேட்கலாம்.

பெரிய செலவு வந்தால் ஜனாதிபதி நிதியம். முந்தி கொழும்புக்கு ஓட வேண்டும். 2025 பெப்ரவரியில் இருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். வைத்தியரின் பரிந்துரை, வருமான உறுதிப்படுத்தல், செலவு மதிப்பீடு எல்லாம் கேட்பார்கள். காசைக் கட்டி முடித்த பிறகு வந்து கேட்காதீர்கள், செலவு வரப்போகிறது என்று தெரிந்தவுடன் வாருங்கள்.

உங்களுக்கு ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) இருக்கிறதா? பத்து வருடம் கட்டி, கணக்கில் மூன்று லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால் வைத்தியச் செலவுக்கு 30 வீதம் முன்கூட்டியே எடுக்கலாம். குடும்பத்தில் அரச உத்தியோகத்தர் யாரும் இருந்தால் அக்ரஹார காப்புறுதியில் பெற்றோர் வருவார்களா என்று கேட்கச் சொல்லுங்கள்.

கரவெட்டி மகள் | திங்கள், இரவு 9.15

தம்பி, ஈ.பி.எஃப். கட்டுவதாகக் கடையில் சொன்னார்கள். போய்க் கேட்டால் முகம் மாறுகிறது. சரி, அது வேறு கதை.

விதானையிடம் போவதற்குத்தான் பயம். விதானைக்குத் தெரிந்தால் ஒழுங்கை முழுக்கத் தெரியும்.

கந்தோர்த் தம்பி | திங்கள், இரவு 9.40

விதானைமாரையும் அப்படி ஒரேயடியாகச் சொல்லாதீர்கள் அக்கா :) தனியாகக் கதைக்க வேண்டும் என்று கேளுங்கள். ஆட்கள் நிற்கிற நாளில் வரிசையில் நின்று சொல்லாதீர்கள். இல்லாவிட்டால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் (மிட்வைஃப்) முதலில் சொல்லுங்கள். அந்த அம்மாக்களுக்கு ஊரில் எல்லா வீட்டுக் கதையும் தெரியும், ஒன்றையும் வெளியே விட மாட்டார்கள்.

சைக்கிள் ஐயா | செவ்வாய், அதிகாலை 4.50

பிள்ளை, இன்றைக்கு முதல் மருந்து என்று எழுதியிருந்தாய், நித்திரை வரவில்லை, எழும்பி எழுதுகிறேன்.

என் மனைவிக்கும் இதுதான். நாங்களும் ஒரு வருடம் மறைத்தோம். அவவுக்கு வெட்கம், எனக்கு ரோஷம். தலையணைப் பஞ்சைப் பிடுங்கி உள்ளே வைத்துக்கொண்டு கலியாண வீட்டுக்கு வந்தவ. 2019இல் போய்விட்டா. எட்டுச் செலவு அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து, "மாமா, ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் மத்தியானச் சோறு கொண்டுவந்து தந்திருப்பனே" என்று அழுதது. அந்த வருடம் முழுக்க நான் மத்தியானம் சோறு காய்ச்சத் தெரியாமல் பாணும் சம்பலும் கொடுத்தவன்.

வார்டுக்கு வெளியில் ஒரு வாங்கு இருந்தது. புருஷன்மார் எல்லோரும் அதில்தான். மழையைப் பற்றிக் கதைப்போம், வெங்காய விலையைப் பற்றிக் கதைப்போம். ஒருநாள் சாவகச்சேரிப் பக்கத்து ஆள் ஒருவர் திடீரென்று, "அவ இரவில அழுறா, நான் என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் வெற்றிலைப் பையை எடுத்து அவரிடம் நீட்டினார். அந்த வாங்கில் எனக்குக் கிடைத்த ஆறுதல் அவ்வளவுதான், ஆனால் கிடைத்தது.

சொல்லிவிடு பிள்ளை. எல்லோருக்கும் சொல்.

ஆறு வருடக்காரி | செவ்வாய், காலை 8.30

ஐயாவின் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். ஆனாலும் "எல்லோருக்கும் சொல்" என்பதோடு எனக்கு உடன்பாடு இல்லை.

நோய் எனக்கு வந்தது. 43 வயதில். ஆறு வருடம் ஆகிறது, நோய் திரும்பாமல் இருக்கத் தமொக்சிபன் மாத்திரை இன்னும் போடுகிறேன். உடம்பு அம்மாவுடையது, யாருக்குத் தெரிய வேண்டும் என்பது அவருடைய முடிவு. வெளியில் தெரிந்தால் வருகிற ஆட்களை நான் பார்த்தேன். பழம் கொண்டுவந்து, கதிரையில் இருந்து, என் நெஞ்சைப் பார்க்காத மாதிரிப் பார்த்துவிட்டு, யார் யார் இதே நோயில் செத்தார்கள் என்று ஒரு பட்டியல் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு அன்ரி என் கோப்பையில் தேத்தண்ணீர் குடிக்கவில்லை, தொற்றுமாம்.

நான் ஏழு பேருக்குச் சொன்னேன். எண்ணித்தான் சொன்னேன். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. ஒருவர் வாகனம் வைத்திருப்பவர், கிளினிக் நாளுக்கு. ஒருவர் மகனை ரியூஷனில் இருந்து கூட்டிவர. என் அதிபர், லீவுக்காக. சுவிஸில் இருக்கிற தம்பி, காசுக்கு. பக்கத்து வீட்டு அக்கா, இரவில் காய்ச்சல் வந்தால். என்னோடு படித்த ஒருத்தி, அவளிடம் அழுவதற்கு மட்டும், அவள் புத்தி சொல்ல மாட்டாள். ஏழாவது எங்கள் கோவில் ஐயர், அது என் சொந்தக் காரணம். மற்ற ஊருக்கு நான் "சுகமில்லை" என்றேன், அது பொய்யும் இல்லையே.

தங்கச்சி, அம்மாவிடம் போய் "சொல்லலாமா?" என்று கேட்டால் அவர் மாட்டேன் என்றுதான் சொல்வார். "நாளைக்கு யார் ஓட்டோவில் கூட வருவது?" என்று கேட்டுப் பாருங்கள். பெயர் தானாக வரும்.

தீவான் | செவ்வாய், மாலை 5.20

அக்கா சொன்னது சரி. நாங்கள் நெடுந்தீவு. அம்மாவைக் கரண்ட் பிடிக்கக் கொண்டுபோன கதை கேளுங்கள். வெள்ளன வள்ளத்தில் குறிகாட்டுவான், அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம், பிறகு இன்னொரு பஸ்ஸில் தெல்லிப்பளை. மெஷினில் படுப்பது சில நிமிடம். கிழமைக்கு ஐந்து நாள், எங்களுக்கு 15 நாள் எழுதினார்கள், சிலருக்கு 25. கடல் கொந்தளித்தால் வள்ளம் ஓடாது. முதல் கிழமையே களைத்துப்போனோம். பிறகு மல்லாகத்தில் தூரத்துச் சொந்தம் ஒன்று, பத்து வருடமாகக் கதை பேச்சு இல்லை, காணிப் பிரச்சினை. வெட்கத்தை விட்டுக் கேட்டேன். ஒரு அறை விட்டார்கள்.

உங்களுக்கு 15 நாள் என்றால் 5,000 படி 75,000 ரூபாய் ஓட்டோவுக்கு மட்டும். இப்போதே தெல்லிப்பளைப் பக்கம் ஆளைத் தேடுங்கள். கிளினிக்கிலும் முதலே சொல்லி வையுங்கள், தூர இடம் என்றால் தங்க ஏதும் ஒழுங்கு இருக்கிறதா என்று. கேட்காதவருக்கு யாரும் சொல்ல மாட்டார்கள்.

கரவெட்டி மகள் | புதன், இரவு 8.00

முதல் மருந்து முடிந்தது. சத்தி எடுத்தது இரண்டு தரம். இன்று காலை கொஞ்சம் கஞ்சி குடித்தார். சிறுநீர் சிவப்பாகப் போனபோது நான் பயப்படாமல் நின்றேன், வெள்ளைச் சப்பாத்து அக்காவுக்குப் பெரிய நன்றி.

வார்டில் அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் அளவெட்டிப் பெண் ஒருவர், அவருக்கு இது ஐந்தாவது. அம்மாவின் சட்டையைப் பார்த்து "யார் தைத்தது, கழுத்து நல்லாய் விழுந்திருக்கு" என்று கேட்டிருக்கிறார். நான் மருந்துத் துண்டோடு திரும்பி வரும்போது அம்மா சிரித்துக்கொண்டு கதைக்கிறார். மூன்று கிழமைக்குப் பிறகு அம்மாவின் பல்லைப் பார்த்தேன்.

ஆறு வருடக்காரி அக்கா, நீங்கள் சொன்ன மாதிரிக் கேட்டேன். "ஓட்டோவில் யார் வருவது?" என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பெரியக்காவின் மகனிட்டைக் கேட்டால் வருவான், ஆனால் அவனிட்டைச் சொன்னால் கனடாவுக்குச் சொன்ன மாதிரித்தான்" என்றார். பிறகு, "சரி, சொல்லு" என்றார்.

ஸ்காபரோ மருமகள் | வியாழன், அதிகாலை 3.10

இங்கே மாலை, அங்கே விடியப்போகிறது என்று நினைக்கிறேன்.

கனடாவில் இருக்கிற பெரியம்மாமாரின் பக்கம் நின்று எழுதுகிறேன். எங்களுக்குச் சொல்லாமல் விட்டால் நாங்கள் நிம்மதியாக இருப்போம் என்று ஊரில் நினைக்கிறீர்கள். பிறகு தெரியவரும்போது படுகிற வேதனை வேறு. என் அம்மாவுக்கு 2007இல் வந்தது. 2006 ஆகஸ்டில் சண்டையில் ஏ9 தரைப்பாதை பூட்டிய பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்து மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போவது என்றால் இராணுவத்திடம் கிளியரன்ஸ் எடுத்து, கப்பலில் திருகோணமலை போய், அங்கிருந்து கொழும்பு. அம்மா எங்களுக்குச் சொன்னது கப்பல் ஏறிய பிறகு. 2011இல் தெற்கையும் வடக்கையும் இணைத்து நடந்து காசு சேர்த்தார்களே, ட்ரெயில் நடை, அந்தக் காசில்தான் தெல்லிப்பளையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழும்பியது, 2013இல் திறந்தார்கள். அதைக் கேட்டபோது நான் வேலையிடத்து வோஷ்றூமுக்குள் போய் அழுதேன். இப்போது கரவெட்டியில் இருந்து ஓட்டோவில் போகலாம் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

காசுக்கு ஒரு யோசனை. வெளிநாட்டுச் சொந்தத்திடம் "உதவி செய்யுங்கள்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். முதல் கிழமை உணர்ச்சிவசப்பட்டு ஆளுக்கு ஐந்நூறு டொலர் அனுப்புவார்கள், மூன்றாம் மாதம் ஒருவரும் இருக்க மாட்டார்கள். கீமோ, கரண்ட் எல்லாம் முடிய எட்டு ஒன்பது மாதம் ஆகலாம். "ஓட்டோ மாதம் இவ்வளவு, என் சம்பளம் போனது இவ்வளவு" என்று கணக்கு அனுப்புங்கள். நான்கு பேர் ஆளுக்கொரு செலவைப் பொறுப்பெடுக்கட்டும். எங்கள் வீட்டில் ஒரு மச்சான் ஓட்டோ, நான் சாப்பாடு. இப்படிப் பிரித்தால் கொடுக்கிறவருக்கும் பாரமில்லை, வாங்குகிறவருக்கும் கூச்சமில்லை.

கரவெட்டி மகள் | அடுத்த திங்கள், இரவு 9.30

பெரியம்மாவுக்குச் சொன்னோம். போனில் அரை மணித்தியாலம் அழுகை, பிறகு ஏச்சு, பிறகு காசு. இப்போது ஓட்டோ பெரியம்மாவின் கணக்கு. ஒவ்வொரு இரவும் எடுத்து ஒவ்வொரு கை மருந்து சொல்கிறார். நேற்று மஞ்சள், இன்று வேப்பிலை. அம்மா "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்றுவிட்டுப் போனை வைத்துவிட்டுச் சிரிக்கிறார்.

இன்னொரு விஷயம் நடந்தது. உதவி அமைப்பு என்று சொல்லி ஒருவர் வந்தார். எப்படித் தெரிந்ததோ. ஒரு பை சாமான் கொடுத்து, அம்மாவைப் படம் எடுக்கக் கேட்டார். முகநூலில் போட்டால் காசு வருமாம். அம்மா பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆறு வருடக்காரி | அடுத்த திங்கள், இரவு 9.50

அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டேன் என்று சொல்லுங்கள்.

நெறியாளர் | செவ்வாய், காலை 7.00

இதே மாதிரி இரண்டு முறைப்பாடுகள் எனக்கும் வந்திருக்கின்றன. கணக்கு யார் பெயரில், காசு நேரே நோயாளியின் கணக்குக்கு வருமா, படம் எத்தனை நாள் இருக்கும், இதைக் கேட்டாலே பாதிப்பேர் திரும்பிப் போவார்கள்.

வெள்ளைச் சப்பாத்து | செவ்வாய், இரவு 10.10

விக் வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்க முன் இந்திரா கான்சர் ட்ரஸ்டில் கேளுங்கள், அவர்கள் இலவசமாகக் கொடுக்கிறார்கள். மகரகமவுக்கு ஏதும் பரிசோதனைக்கு அனுப்பினால் வெளிமாவட்டத்து நோயாளர் தங்க சி.சி.சி. ஹவுஸ் இருக்கிறது, லொட்ஜுக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

விளக்கைப் போடாமல் இருக்கிறார் என்று முதல் பதிவில் எழுதினீர்களே, அது என் மனதில் கிடக்கிறது. நித்திரை இல்லை, சாப்பாட்டில் விருப்பமில்லை, "நான் இருந்து என்ன" என்கிற கதை வருகிறது என்றால் அது இரண்டு கிழமைக்கு மேல் நீடிக்க விடாதீர்கள். கிளினிக்கில் வைத்தியரிடம் சொன்னால் மனநலப் பிரிவுக்குத் துண்டு தருவார். அது பைத்தியத்துக்கு இல்லை, கீமோவுக்குச் சத்தி மருந்து கொடுப்பது போலத்தான். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் உளவளத்துணைக்கென்றே இருக்கிறது. நடு இரவில் தாங்க முடியாமல் வந்தால் 1926, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், தமிழிலும் கதைக்கலாம். இது அம்மாவுக்கு மட்டும் இல்லை தங்கச்சி. உங்களுக்கும்.

கரவெட்டி மகள் | செவ்வாய், இரவு 11.30

கடைசி வரியை வாசித்துவிட்டுக் கிணற்றடியில் போய் இருந்து அழுதேன். என்னை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

சைக்கிள் ஐயா | புதன், காலை 5.05

அழு பிள்ளை. பிறகு சாப்பிடு.

கரவெட்டி மகள் | இரண்டு மாதம் கழித்து, ஞாயிறு, மாலை 6.40

இழையைக் கிளறுவதற்கு மன்னிக்கவும். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

சிவப்பு மருந்து நான்கும் முடிந்தது. மூன்றாவதுக்குக் கவுண்ட் காணாது என்று ஒரு கிழமை தள்ளினார்கள். ஒரு இரவு காய்ச்சல் 38.3. தனியாக எடுத்து வைத்த காசில் ஓட்டோ பிடித்து ஒன்றரை மணிக்குக் கொண்டுபோனோம், நான்கு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். சமூக சேவையில் பெயர் பதிந்தாயிற்று, இன்னும் வரவில்லை. ஹெர்2 பொசிட்டிவ், அதாவது கட்டியில் ஹெர்2 என்கிற புரதம் கூட, என்று முடிவு வந்திருக்கிறது. அதற்கு ஒரு வருடம், மூன்று கிழமைக்கு ஒருதரம் வேறு ஊசி, 18 தரம். ஆஸ்பத்திரியில் கிடைக்கும்வரை பிரச்சினை இல்லை. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது வெளியில் வாங்கச் சொன்னார்களாம் என்று அளவெட்டி அன்ரி சொன்னதில் இருந்து பயம், ஆகவே கந்தோர்த் தம்பி சொன்னபடி ஜனாதிபதி நிதியத்து விண்ணப்பத்துக்கு என்னென்ன வேண்டும் என்று இப்போதே போய்க் கேட்டு, கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன்.

தங்கச்சியின் சம்பந்தம் நின்றுவிட்டது. நோயாலா சீதனத்தாலா என்று தெரியாது. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்னது தங்கச்சியேதான், ஒருவரையும் கேட்காமல். அம்மா இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அவளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தார். அதில் இன்னும் எனக்கு வருத்தம்தான், சும்மா நல்லதுக்கு என்று சொல்ல மாட்டேன்.

அம்மா திரும்ப மெஷினில் இருக்கிறார், ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம். இடது கையால் பாரம் தூக்கக்கூடாது, ஆனால் துணியைத் தள்ளலாம் என்று பிசியோதெரபியில் சொன்னார்கள். காலையில் சுவரில் விரலால் ஏறி ஏறி ஒரு பென்சில் கோடு போடுவார், நேற்றைய கோட்டுக்கு மேலே போக வேண்டும். கோடு இப்போது கலண்டருக்குப் பக்கத்தில் நிற்கிறது.

தைப்பது என்ன தெரியுமா? மார்பு எடுத்தவர்களுக்கு உள்ளுக்குப் பை வைத்த உள்சட்டை. அளவெட்டி அன்ரிக்கு முதலில் ஒன்று. ஐயா, உங்கள் மனைவி தலையணைப் பஞ்சு வைத்த கதையை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "பஞ்சு பாரம் இல்லை, கையைத் தூக்கினால் அதுவும் மேலே ஏறும், பாவம் அந்த மனுசி" என்றார். அடுத்த நாள் பச்சைப் பயறு நிரப்பிப் பார்த்தார். பாரம் சரி, வடிவும் சரி. ஆனால் வியர்வையிலும் மாரி மழையிலும் முளைத்துவிடும் என்று அவரே கழித்துவிட்டார். இப்போது கண்ணாடி மணி, உள்ளே ஒரு பருத்திப் பை, மேலே கொஞ்சம் பஞ்சு. கழுவலாம். வார்டில் நான்கு பேர் அளவு கொடுத்திருக்கிறார்கள். காசு வாங்கச் சொல்லி நான் சண்டை பிடிக்கிறேன், துணிக்கு மட்டும் வாங்குகிறார்.

யாழ்ப்பாணத்தில் சின்னக் கண்ணாடி மணி மொத்தமாக எங்கே வாங்கலாம்? சின்னக்கடையில் கேட்ட விலை கூட.

தீவான் | ஞாயிறு, மாலை 7.15

கஸ்தூரியார் வீதிப் பக்கம் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் சொல்லுங்கள், என் மச்சான் புதன்கிழமை கொழும்பு போகிறான், புறக்கோட்டையில் கிலோக் கணக்கில் எடுக்கலாம்.

சைக்கிள் ஐயா | திங்கள், காலை 5.00

முதல் கிலோவின் காசு என்னுடையது.